ஐஸ் ஏறி முடிவதற்குள்

என் மடிக்கணினியில் ஓடியது.
ஸ்ராங்கு கிளீட்டஸின் கணினியில் ஓடவில்லை.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகம், இரவு பதினொன்று பத்து,
ஐஸ் லாரி பின்பக்கமாக வந்து நின்றுவிட்டது.

நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்கிறது திரை.
லிப்ப்ராஜ், இருபத்தைந்தாம் பதிப்பு,
அப்படியொரு கோப்போ அடைவோ இங்கே இல்லை.
உருண்டைக் கடலைத் தட்டையாக்கும் கணக்கெல்லாம்
அதற்குள்தான் இருக்கிறது.
என் நிரல் அதைத் தூக்கி வரவில்லை.
போகிற இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று
பெயரை மட்டும் எழுதி எடுத்து வந்திருக்கிறது.

பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன்.
எஸ்கியூலைட் எங்கே என்றது.
கொடுத்தேன். டிஃப் எங்கே.
டிஃபுக்கு ஜேபெக், ஜேபெக்குக்குப் பிறகு இன்னொன்று,
ஒருத்தரை விருந்துக்குக் கூப்பிட்டால்
வேன் பிடித்து வருவது போல.
கடைசியாக இறங்கியது சி நூலகம்:
நீ கேட்கும் பதிப்பு இங்கே பிறக்கவே இல்லை.
அதில் கைவைக்கக் கூடாது.
அதை உருவினால் இந்தக் கணினியில்
கோப்புப் பட்டியல்கூடப் பார்க்க முடியாது.

"ரெக்ஸ்லின் பிள்ளே, ஆச்சா?"
"ஆவுது அண்ணா."

நாற்பது நாள் தங்கல்.
அரிசி மூட்டை, வத்தல் பொடி, குடிதண்ணீர், டீசல்,
இன்ஜினுக்கு மாற்று பெல்ட் இரண்டு,
காய்ச்சல் மாத்திரை, ஒரு சீட்டுக்கட்டு.
எல்லாம் என் கண்முன்னால்தான் ஏறிக்கொண்டிருந்தது.
இவ்வளவையும் பார்த்துக்கொண்டே
ஒன்றரை மணி நேரமாக நான்
பகிர்வு நூலகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.
மண்டூ.

ஸ்டாட்டிக் என்று ஒரு சொல் சேர்த்தேன்.
எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டு.

வரையறை இல்லாத பெயர்கள்: இருநூற்றுப் பதினான்கு வரி.
இருக்கிறது, நானே வைத்தேன்,
இருந்தும் இல்லை என்கிறது.
தலையைச் சொறிந்தபோது நகத்தில் மீன்வாடை.
பிறகு கட்டளையை வாய்விட்டுப் படித்தேன்.
இணைப்பி இடமிருந்து வலமாக ஒரே நடைதான் நடக்கும்.
கேட்பவன் முன்னால் நிற்க வேண்டும்,
கொடுப்பவன் அவனுக்குப் பின்னால்.
நான் எஸ்கியூலைட்டை முதலில் எழுதிவிட்டேன்.
யாரும் எதுவும் கேட்காததால்
மூட்டையைப் பிரிக்காமலே அது போய்விட்டது;
ப்ராஜ் வந்து கையை நீட்டியபோது ஆளில்லை.

இடம் மாற்றினேன். பதினேழு வரி.

நானே எழுதிய இரண்டு குட்டி நூலகங்கள்,
அலை, காற்று,
ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நின்றன.
அலையைக் காற்றுக்கு முன்னால் ஒருமுறை,
பின்னால் ஒருமுறை எழுதினேன்.
வேலை நடந்தது. யாரிடமும் காட்ட மாட்டேன்.
மூன்று வரி.

மூன்றும் டிஃப்.
அதற்கு நிலைக் காப்பகமே என்னிடம் இல்லை.
டிஃப் வேண்டாம் என்று சொல்லி
ப்ராஜை மூலத்திலிருந்தே மறுபடி கட்டினேன்.
பதினெட்டு நிமிடம். மடியில் சூடு,
காலில் ஐஸ்தூள்,
ஐஸ் உடைக்கும் எந்திரத்தின் இரைச்சலில்
என் விசிறி சுற்றுகிறதா என்றே தெரியவில்லை.

தொண்ணூறு கேபி இருந்தது இருபத்திரண்டு எம்பி ஆகிவிட்டது.
பிழை இல்லை. எச்சரிக்கை ஒன்று:
பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் இடம் மட்டும்
ஓடும்போது வெளியே வந்து தேடும்.
நிலையாகக் கட்டியிருந்தாலும் தேடும்.
கரைக்குத் தகவல் அனுப்பும் பகுதி அது.
நடுக்கடலில் யாரிடம் கேட்கப் போகிறது?
விட்டுவிட்டேன்.

நைலான் கயிற்றால் கட்டிவைத்த அந்தப் பழைய திரையில்
கடல் வந்தது. ஆழக்கோடுகள் வந்தன.
கிளீட்டஸ் அண்ணன் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.
"முட்டத்துல ஒரு 'ட்' குறையுது."
அப்புறம், "ராத்திரிக்கு வெட்டம் ஜாஸ்தி, கண்ணு கூசும்."
இரண்டையும் திருத்தினேன்.
மறுபடி இணைத்தேன். வரிசை மறக்கவில்லை.

மூன்று இருபதுக்குச் சிந்தாத்திரை மாதா கயிற்றை அவிழ்த்தாள்.
நான்கு முழம் தண்ணீர் விலகியிருக்கும்,
அணியத்திலிருந்து சுபின் பக்கத்து போட்டைப் பார்த்துக் கத்தினான்:
"மக்கா, தீப்பெட்டி உண்டா?"

யாரோ எறிந்தார்கள்.
ஐஸ் மேல் போய் விழுந்தது.
நனைவதற்குள் எடுத்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.